சேம அச்சு

தமிழ்நாட்டில் 'கேரவன்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் வழக்கில் இருக்கிறது. படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்தில் நிற்கும் வண்டி. நடிகர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஆகவே பணி ஓய்வு பெறவிருக்கும் என் அண்ணன் கேரவன் வாங்கப்போகிறார் என்ற செய்தி பரவியபோது, அவர் அதைச் சினிமாவுக்கு வாடகைக்கு விடப்போகிறார் என்றே செவிலிமேட்டில் எங்கள் தெருவினர் புரிந்துகொண்டார்கள்.

அவருடைய எண்ணம் வேறு. அறுபது நிறைந்து வங்கிப் பணியிலிருந்து விடுபட்டதும், அண்ணியும் அவரும் வண்டியிலேயே வசிப்பது; ஒரு சுற்றுலாக் காலத்துக்கு அல்ல, உடலில் தெம்பு உள்ளமட்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் கூண்டுக்குள் அமர்ந்து பிறர் பணத்தை எண்ணியவருக்கு இப்படி ஓர் ஆசை வருவதில் வியப்பில்லை. எனக்குக் கலக்கம் தந்தது, பணத்துக்கு அவர் சொன்ன வழி. எங்கள் தந்தை கட்டிய வீடு எங்கள் இருவருக்கும் பொது. அவர் காலை இறக்கி உட்கார்ந்து நெய்த தறியின் பள்ளம் கூடத்தில் இன்னும் பலகையிட்டு மூடிக் கிடக்கிறது. தம் பங்கை விற்றால் வண்டி வந்துவிடும் என்றார் அண்ணன். "எந்த வண்டி சரியா வரும்னு நீ படிச்சுப் பார்த்துச் சொல்லுடா, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்று பொறுப்பை என்மேல் வைத்தார். வண்டியைப் பற்றிச் சொல்லும் முடிவு வீட்டைப் பற்றிய முடிவாகவும் ஆகிவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

தமிழ் படித்தவனுக்கு வீடாகிய வண்டி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பெரும்பாணாற்றுப்படைதான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்த ஐந்நூறு அடிப் பாட்டு, வறிய பாணன் ஒருவனைக் காஞ்சியில் இருக்கும் தொண்டைமான் இளந்திரையனிடம் வழிப்படுத்துவது. எங்கள் ஊரை நோக்கி வரும் அந்தப் பாதையின் தொடக்கத்திலேயே உப்பு வணிகராகிய உமணரின் வண்டிகள் வருகின்றன. புலவர் அவற்றை வண்டிப் பட்டறைக்காரரின் கண்ணோடு பார்த்திருக்கிறார். முழுமரத்தில் கடைந்த உருளை, பருத்த பார், புல் வேய்ந்த கூரை, வாயிலில் கோழிக்கூடு, இளம்பிடியின் முழந்தாளைப் போன்ற சிறிய உரல், கயிற்றில் கட்டிய காடிக்கலம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். தானியத்தைக் குற்ற உரல் உண்டு, முட்டைக்குக் கோழி உண்டு, வெயிலுக்கும் மழைக்கும் கூரை உண்டு. இடம் அடைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பொருள் ஒன்றுகூட இல்லை.

அந்தப் பகுதியை வகுப்பில் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். இந்த முறை அண்ணனுக்காகப் படித்தபோது இரண்டு செய்திகள் தனியே நின்றன. ஒன்று, அந்த வண்டி தனி வண்டி அன்று. பல வண்டிகள் சேர்ந்த 'ஒழுகை'. மற்றொன்று, எருதுகளை ஓட்டுபவள் கைக்குழந்தையை உடைய ஒரு பெண். தோள்வலி மிக்க ஆடவர் பக்கத்தில் நடந்து காவல் காக்கிறார்கள். இவற்றை அப்போதைக்குக் குறித்து வைத்துக்கொண்டு இன்றைய வண்டிகளைத் தேடத் தொடங்கினேன்.

நம் நாட்டில் வழிகள் மூன்று. முதலாவது, ஃபோர்ஸ் டிராவலர் போன்ற பெரிய வேனை வாங்கி உள்ளே வீடு கட்டிக்கொள்வது. 3350, 4020 என்று அதன் பெயரோடு வரும் எண், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை மில்லிமீட்டரில் சொல்வது. உயரக் கூரை உள்ளதில் நிமிர்ந்து நிற்கலாம். கட்டில், அடுப்பு, கழிப்பறை மூன்றையும் அடக்கலாம். இரண்டாவது, சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டியின் முதுகில் சிறு வீட்டை ஏற்றுவது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த கேம்பர்வான் ஃபாக்டரி என்னும் நிறுவனத்துடன் சேர்ந்து, பொலீரோ கேம்பர் வண்டியில் இத்தகைய வீட்டை அமைக்கப்போவதாக 2022இல் மஹிந்திரா அறிவித்தது. மூன்றாவது, மாருதி ஈகோ போன்ற சிறிய வேனில் பின்னிருக்கைகளை நீக்கி மடக்குக் கட்டில் போட்டுக்கொள்வது. அதன் நீளம் ஏறத்தாழ 3.7 மீட்டர்தான். இதன் மூத்த உறவான ஆம்னியின் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது. இழுவை வண்டியாகப் பின்னால் கட்டிக்கொண்டு போகும் வீடுகளும் உண்டு. காஞ்சிபுரத்தின் தேரடித் தெருவில் ஒரு முறை வண்டியைப் பின்னுக்கு எடுத்தவர்கள் அந்த யோசனையைத் தாமாகவே கைவிடுவார்கள்.

அண்ணன் மனம் முதல் வழியிலேயே நின்றது. பேருந்துக் கூடு கட்டுவதற்குப் பேர்போன கரூருக்குச் சென்று ஒரு பட்டறையில் விசாரித்தும் வந்துவிட்டார். வண்டியும் உள்வேலையும் சேர்ந்து முப்பது லட்சத்தை ஒட்டி வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அவருடைய பங்கும் ஏறத்தாழ அவ்வளவுதான் பெறும். இரண்டு தொகையும் ஒத்துப்போனதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

வீட்டில் சுவருக்குப் பின்னால் இருந்து நாம் மறந்துபோன செய்திகளை வண்டி நினைவூட்டுகிறது. முதலில் தண்ணீர். செவிலிமேட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காசிப் பயணத்தில் விந்தியக் காட்டில் வழி தவறிய இராமானுசரை ஒரு வேடத் தம்பதியர் எங்கள் ஊர்ச் சாலைக்கிணற்றருகே கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது வைணவ மரபு சொல்லும் கதை. நீர் வேட்கையோடு முடியும் பயணக்கதை அது. இருவருக்கு நாளொன்றுக்குச் சிக்கனமாக 40 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று நாளுக்கு 120 லிட்டர், அதாவது 120 கிலோ எடை. கூடுதலாக இரண்டு ஆட்களை எப்போதும் ஏற்றிச் செல்வதற்குச் சமம்.

அடுத்தது மின்சாரம். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் முழுவதுமாகச் சேர்வது 2.4 யூனிட். ஒரு டன் குளிர்சாதனம் மணிக்கு ஒரு யூனிட் அளவில் எடுத்தால் இரண்டரை மணி நேரத்தில் இருட்டு. முப்பது வாட் மின்விசிறியோ இரவு எட்டு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்டைத் தாண்டாது. சித்திரை வெயிலில் இரும்புக் கூட்டுக்குள் உறங்க முடியுமா என்ற கேள்விக்குப் பொறியியல் தரும் விடையைக் காட்டிலும், அந்த மாதத்தில் மலைமேல் இருங்கள் என்ற விடையே மலிவானது. சமையலுக்கு ஐந்து கிலோ எரிவாயு உருளை போதும். அடையாளச் சான்றைக் காட்டிப் பெட்ரோல் நிலையங்களில் வாங்கலாம்.

மூன்றாவது, கழிவு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வண்டிவீடுகளின் கழிவுத் தொட்டியைக் காலி செய்வதற்கென்றே இடங்கள் உண்டு. நம் நெடுஞ்சாலைகளில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து வண்டிகள் தங்குவதற்கான பூங்காக்களை ஊக்குவித்தது. ஆயினும் நாடு முழுவதும் நம்பிச் செல்லும் அளவுக்கு அவை பெருகவில்லை. கழிப்பறை உள்ள வண்டியை வாங்குவது எளிது. அதை அன்றாடம் கழுவி ஊற்றும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்த வேலை வீட்டில் யார் தலையில் விழும் என்பதை எல்லோரும் அறிவோம்.

சட்டமும் சில சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எனவே பட்டறைக்காரர் எதை வேண்டுமானாலும் வெட்டி ஒட்டித் தருவார் என்று நம்பக்கூடாது. வண்டிவீடுகளுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரவிதி இருக்கிறது. அதன்படி ஒப்புதல் பெற்றவரிடமே செய்துகொள்ள வேண்டும். 47ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 55 வயதைக் கடந்தவரின் ஓட்டுநர் உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படுகிறது. மருத்துவச் சான்றும் வேண்டும். ஆக, அறுபதில் வண்டியேறுபவர் அறுபத்தைந்திலும் எழுபதிலும் தம் கண்ணையும் கையையும் மருத்துவர் முன் நிறுத்த வேண்டியவர்.

இன்னொன்றும் உண்டு. ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று தரவேண்டும். 2014 முதல் அதை மின்னணு வழியில் எங்கிருந்தும் தரலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் வாக்காளர் பட்டியலும், குடும்ப அட்டையும், வண்டியின் பதிவுச் சான்றிதழும் ஒரு முகவரியைக் கேட்கின்றன. வீட்டை விட்டுப் போகிறவருக்கும் கதவிலக்கம் ஒன்று வேண்டியிருக்கிறது.

வீட்டை விற்றுவிட்டு வண்டியேறியவர்களைப் பற்றி உலகம் எழுதியவற்றையும் தேடினேன். ஜெசிகா ப்ரூடர் 2017இல் வெளியிட்ட 'நோமட்லாண்ட்' நூலில் வருபவர்கள் பெரும்பாலும் ஓய்வு வயதை எட்டிய அமெரிக்கர்கள். 2008ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவில் சேமிப்பையும் வீட்டையும் இழந்து, வேன்களில் குடியேறி, பருவத்துக்குப் பருவம் கிடங்குகளிலும் தோட்டங்களிலும் கூலிக்குப் போகிறவர்கள். அதைத் தழுவி க்ளோயி சாவ் இயக்கிய திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. பாலைநில அந்தியின் அழகைப் பார்த்துவிட்டு அதை ஓய்வுக்கால விளம்பரமாக எடுத்துக்கொள்கிறவர்கள் நூலையும் படிக்க வேண்டும். நம் இராசபுதனத்தின் காடுலியா லோகார்களுக்கும் மாட்டுவண்டிதான் வீடு. 1568இல் சித்தோர் வீழ்ந்தபோது, கோட்டை மீளும்வரை கூரையின்கீழ் வாழ்வதில்லை என்று சூளுரைத்துப் புறப்பட்டவர்கள் என்பது அவர்களது மரபு. 1955இல் நேரு முன்னின்று அவர்களைச் சித்தோர்க் கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். அதன் பிறகும் பலர் வண்டியிலேயே இருந்தார்கள். திரும்பிப் போவதற்கு அவர்களுக்கென்று நிலம் ஏது? சாலையில் வாழ்பவருக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறதா இல்லையா என்பது, வண்டியின் நீள அகலத்தைக் காட்டிலும் பெரிய வேறுபாடு என்று எனக்குப் பட்டது.

வேறு வகையான எடுத்துக்காட்டு மைசூரிலிருந்து கிடைத்தது. அவ்வூர்க் கிருஷ்ணகுமார், வீட்டு வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த தம் தாய் சூடாரத்னம்மாவை, 2018 ஜனவரியில் ஒரு பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தந்தை வாங்கித் தந்த வண்டி அது. அதில் செல்லும்போது தந்தையும் உடன் வருகிறார் என்பது அவர் சொன்ன காரணம். தாயும் மகனும் ஆண்டுக்கணக்கில் நாடு முழுவதும் சுற்றினார்கள். ஸ்கூட்டரில் கட்டில் இல்லை, அடுப்பு இல்லை. மடங்களிலும் கோயில்களிலும் ஆசிரமங்களிலும் இரவுகளைக் கழித்தார்கள்.

இதைப் படித்த பிறகே கேள்வியை வேறு விதமாகக் கேட்கத் தோன்றியது. வண்டியின் அளவை முடிவு செய்ய வேண்டியது நம் ஆசையா, நாம் போகும் நாடா? அமெரிக்கப் பெருவெளியில் வண்டியை நிறுத்த இடம் உண்டு, சத்திரம் கிடையாது. அதனால் அவர்கள் வீட்டையே இழுத்துக்கொண்டு போகிறார்கள். நம் நாட்டில் நிறுத்த இடந்தான் அருமை. படுக்க இடம் ஊர்தோறும் கிடைக்கிறது. காஞ்சிபுரத்தைப் போன்ற தலங்களில் சத்திரமும் தங்கும் விடுதியும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. குளியலையும் கழிப்பறையையும் ஊர் தரும். நிழல், படுக்கை, ஒரு வேளைக் கஞ்சி ஆகியவற்றை வண்டி தந்தால் போதும்.

இத்தனையையும் அண்ணனிடம் விரித்துச் சொன்ன மாலையில் அண்ணி கூடத்துத் தூணருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அதுவரை அவரிடம் யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அண்ணன் எழுந்து உள்ளே போனதும், குரலைத் தாழ்த்தி, "தம்பி, நீங்க எல்லாம் நல்லாத்தான் படிச்சுச் சொல்றீங்க. நடுராத்திரியில ஏதோ ஒரு காட்டு ரோட்டுல உங்க அண்ணனுக்கு நெஞ்சு வலிக்குதுன்னு வைங்க. வண்டியை யாரு எடுக்கறது?" என்றார்.

அண்ணனுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை வேறு. அண்ணிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நான் சேர்த்து வைத்திருந்த நீளமும் எடையும் யூனிட்டும் இந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. உமணர் வண்டியை ஓட்டியவள் ஏன் அந்தப் பெண்ணாக இருந்தாள் என்பதும் அந்தக் கணத்தில் வேறு பொருள் கொண்டது. வலிமை மிகுந்தவர் கீழே இறங்கி நடக்க வேண்டிய நேரங்கள் பாதையில் வரும். அப்போது நுகத்தின் பின்னால் இருப்பவருக்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் மட்டுமே ஓட்டக்கூடிய வண்டி, இருவர் வாழும் வீடாக முடியாது.

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் இதே உமணரிடமிருந்து ஒரு சொல்லை எடுக்கிறார். எருதுகள் இளையவை, பாரம் மிகுதி, பள்ளமும் மேடும் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு செல்கிறார்கள். அதன் பெயர் சேம அச்சு. அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் பாடுகிறார். நாம் இன்று 'ஸ்டெப்னி' என்று சொல்வதன் மூதாதை அது. ஸ்டெப்னி என்பதோ 1904ஆம் ஆண்டளவில் மாற்றுச் சக்கரத்தை விற்ற வேல்ஸ் நாட்டு நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனம் இருந்த தெருவின் பெயரும் அதுவே.

மறுநாள் அண்ணனிடம் ஒரு நிபந்தனையை மட்டும் சொன்னேன்: எந்த வண்டியை வாங்குவதானாலும் அண்ணி அதில் அமர்ந்து பார்க்கட்டும். பெரிய வேனில் அவருடைய கால் கிளட்சை முழுதும் மிதிக்கவில்லை. பின்புறம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பிக்கப்பில் ஏறுவதற்கே ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. சிறிய வேனில் அவர் யாருடைய உதவியும் இன்றி ஏறி உட்கார்ந்தார். சற்று நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்துவிட்டு, "இது தறி மாதிரிதான் இருக்கு. கையும் காலும் சேர்ந்து போகணும், அவ்வளவுதானே" என்றார்.

அவர் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்யத் தறியில் ஒருவர் போதாது. உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு வேறு நாடாக்கள். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணோ பிள்ளையோதான். அண்ணி தம் பத்து வயதிலிருந்து அந்த இடத்தில் உட்கார்ந்தவர். கூலி நெய்தவரின் பெயரில் வரும். பக்கத்துக் கையின் பெயர் கணக்கில் எழுதப்படுவதில்லை. எங்கள் ஓய்வுக்காலத் திட்டங்களிலும் ஏறத்தாழ அதே கணக்குமுறைதான் நடந்துகொண்டிருந்தது.

பெரிய வண்டியை விட்டுக்கொடுப்பது அண்ணனுக்கு எளிதாக இல்லை. நிமிர்ந்து நிற்க முடியாத வீடு என்ன வீடு என்று இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, பழைய ஈகோ ஒன்றைப் பணிக்கொடையிலிருந்து வாங்கலாம், முதல் ஆண்டு இரண்டு மாதம் சாலையிலும் ஒரு மாதம் வீட்டிலுமாக இருந்து பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். வீட்டை விற்பதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. இனிமேலும் பேசமாட்டார் என்று நான் உறுதி கூற முடியாது. அவருக்கு ஐந்து ஆண்டு கிடைக்குமோ பதினைந்து கிடைக்குமோ, யார் அறிவார்?

அண்ணி ஐம்பத்தாறு வயதில் பழகுநர் உரிமம் எடுத்திருக்கிறார். அதாவது எல்.எல்.ஆர். முப்பது நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். விடியற்காலையில், பாலாற்றுப் பாலத்தில் லாரிகள் பெருகும் முன்பு, செவிலிமேட்டிலிருந்து வந்தவாசிச் சாலையில் கடன் வாங்கிய வேனில் பழகுகிறார்கள். சட்டப்படி உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அண்ணன் இடப்பக்க இருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கியர் மாற்றும்போதெல்லாம் அவர் வாயைத் திறக்கிறார் என்றும், தாம் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொள்கிறார் என்றும் அண்ணி சொல்கிறார்.